குழந்தைகளோடு வெளிநாட்டுப் பயணம்: பெட்டி கட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்குழந்தையையோ ஐந்தாறு வயதுப் பிள்ளையையோ அழைத்துக்கொண்டு முதன்முறையாக வெளிநாடு கிளம்பும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விதிகள் விமான நிறுவனத்துக்கு நிறுவனம், நாட்டுக்கு நாடு மாறும். அதனால் உங்கள் விமான நிறுவனமும் இறங்கும் நாட்டின் சுங்கத்துறையும் இணையத்தில் என்ன சொல்லியிருக்கின்றன என்று புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பட்டியல் போட ஆரம்பித்தால் முடிவே இல்லாமல் நீள்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து இரண்டே கேள்வி கேளுங்கள். வழியில் இது இல்லாமல் ஒரு நாளை ஓட்ட முடியுமா? போய் இறங்கும் இடத்தில் இதை வாங்க முடியுமா?

ஓட்ட முடியாது என்றால் அது கைப்பைக்கு. ஓட்டலாம், ஆனால் அங்கே கிடைக்காது என்றால் பெரிய பெட்டிக்கு. ஓட்டவும் முடியும், அங்கே கிடைக்கவும் செய்யும் என்றால் அது வீட்டிலேயே இருக்கட்டும். இந்த மூன்றாவது குவியலைப் பெரிதாக்கும் துணிச்சல் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் போகிற ஊரிலும் குழந்தைகள் பிறந்து வளர்கிறார்கள். டயப்பர், சோப்பு, துடைக்கும் வைப்ஸ், குட்டிச் சாக்ஸ் எல்லாம் அங்கேயும் விற்பார்கள். ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எத்தனை பெட்டி இழுக்க முடியும் என்பதுதான் உண்மையான எடை வரம்பு. விமான நிறுவனம் சொல்லும் கிலோ கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆவணங்களில் எதை மறக்கக் கூடாது?

பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். பல நாடுகளில் குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுதான் செல்லும். உங்களுடையது இன்னும் செல்லும் என்ற நினைப்பில் பிள்ளையுடையதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். பயணத்துக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும் நாடுகள் நிறைய.

தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் அழைத்துப் போனால், மற்றவரின் சம்மதக் கடிதமும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும். முடிந்தால் கடிதத்தில் நோட்டரி கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். குழந்தையின் குடும்பப்பெயர் உங்கள் பெயரோடு பொருந்தாவிட்டால் இது இன்னும் முக்கியம். பாட்டி, தாத்தாவோடு குழந்தை தனியாகப் போனால் பெற்றோர் இருவரின் கடிதமும் தேவைப்படும்.

எல்லாவற்றின் நகலையும் போனில் ஒன்று, தாளில் ஒன்று என்று வையுங்கள். தாள் நகல் மட்டும் பாஸ்போர்ட் இருக்கும் பையில் வேண்டாம், வேறு பையில் போகட்டும்.

கைப்பையில் சரியாக என்னென்ன வைப்பது?

பெரிய பெட்டி வந்து சேரவே இல்லை, அடுத்த விமானமும் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் 24 மணி நேரம் கைப்பையை வைத்தே சமாளிக்க முடிய வேண்டும். அதுதான் கணக்கு.

ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு மாற்றுடை எடுங்கள். ஒவ்வொரு உடையையும் மேல்சட்டை, கால்சட்டை, உள்ளாடை, சாக்ஸ் என்று முழுத் தொகுப்பாகத் தனித்தனி ஜிப் பையில் போட்டுவிடுங்கள். விமானக் கழிவறையின் இடுக்கில் நின்றுகொண்டு பைக்குள் துழாவ முடியாது. ஒரு பையை உருவினால் ஒரு முழு உடை வர வேண்டும். கழற்றிய அழுக்குத் துணி அதே ஜிப் பைக்குள் போய்விடும், வாடையும் வெளியே வராது.

உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வாந்தி எடுப்பது பெரும்பாலும் தூக்கி வைத்திருப்பவரின் மேல்தான். பெற்றோர் பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஈரச் சட்டையோடு ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரால் யாரையும் நிதானமாகக் கவனிக்க முடியாது.

மெல்லிய போர்வை அல்லது பருத்தித் துப்பட்டா ஒன்று போதும். போர்த்தலாம், விரிக்கலாம், பாலூட்டும்போது மறைக்கலாம், கண் கூசினால் மேலே போடலாம். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் இருபது சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். உதடும் மூக்கும் காய்ந்து பிள்ளை சிணுங்கும். சின்ன டப்பாவில் மாய்ஸ்சரைசரும், பாதுகாப்புச் சோதனை முடிந்தபின் நிரப்பிக்கொள்ள காலித் தண்ணீர் பாட்டிலும் வையுங்கள்.

இரண்டு பெரியவர்கள் போனால் இவற்றை இரண்டு பைகளிலும் பிரித்து வைப்பது நல்லது. இருக்கைகள் தள்ளித் தள்ளிக் கிடைத்தால் அப்போது அருமை தெரியும்.

கைப்பையில் திரவம் 100 மில்லிதான் என்கிறார்களே, குழந்தைப் பாலை என்ன செய்வது?

2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி வெளிப்பட்டது. அதையடுத்துதான் இந்த விதி வந்தது. ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். பாட்டிலில் எழுதியிருக்கும் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். 200 மில்லி பாட்டிலின் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அனுமதி இல்லை.

குழந்தையின் பால், குழந்தை உணவு, பயணத்தில் தேவைப்படும் மருந்து ஆகியவற்றுக்குப் பெரும்பாலான நாடுகள் விலக்கு தருகின்றன. பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். சோதனை வரிசையில் நீங்களே முதலில் சொல்லி, வெளியே எடுத்துக் காட்டுங்கள். தனியாகச் சோதிப்பார்கள் என்பதால் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பாலில் நாட்டுக்கு நாடு நுணுக்கம் உண்டு. உறைய வைத்த தாய்ப்பாலை அமெரிக்காவில் கைப்பையில் விடுவார்கள், பிரிட்டனில் விட மாட்டார்கள்.

புதிய ஸ்கேனர் உள்ள சில விமான நிலையங்கள் 100 மில்லி விதியைத் தளர்த்தியிருக்கின்றன. அதை நம்பிப் பை கட்ட வேண்டாம். நடுவில் விமானம் மாறும் ஊரில் பழைய விதியே இருக்கலாம்.

பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு வழியில் எப்படிக் கலந்து கொடுப்பது?

ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பவுடரை முன்பே அளந்து வையுங்கள். பவுடர் பால் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால்தான் குறைந்தது 70 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தண்ணீரில் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். விமானத்தில் ஊற்றித் தரும் வெந்நீர் அந்தச் சூட்டில் இருக்குமா என்று சொல்ல முடியாது. நல்ல பிளாஸ்க் ஒன்று எடுத்துப்போய், சோதனை முடிந்தபின் விமான நிலையக் கடையில் கொதிநீர் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். ஆறவைக்கும்போது பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இதைவிடச் சுலபம், கலந்தே வரும் திரவ ஃபார்முலா. மூடி திறக்கும்வரை கிருமியற்றது, பயண நாளுக்கு மட்டும் அதை வாங்கலாம். ஆனால் புது வகைப் பாலை முதன்முதலாக விமானத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டாம். ஒரு வாரம் முன்பே வீட்டில் கொடுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குடித்து மிச்சம் வைத்த பாலை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கவே கூடாது.

டயப்பர் எத்தனை?

வாசற்படி தாண்டியதிலிருந்து தங்குமிடம் சேரும்வரை மணிக்கு ஒன்று, அதற்கு மேல் ஆறேழு உபரி. இவை அத்தனையும் கைப்பைக்கு. பெரிய பெட்டியில் முதல் இரண்டு நாளுக்கு வைத்தால் போதும், மீதியை அங்கே வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வாமையால் ஒரே பிராண்டுதான் என்று இருக்கும் குழந்தைக்கு மட்டும் முழுப் பயணத்துக்கும் எடுங்கள். டயப்பர் காலியாகக் காலியாக, திரும்பி வரும்போது பெட்டியில் இடமும் கிடைக்கும்.

மருந்துப் பையில் என்ன வைப்பது?

இதில் சிக்கனம் வேண்டாம். நடுராத்திரி, மொழி தெரியாத ஊர், காய்ச்சலில் அனத்தும் பிள்ளை என்ற நிலையில் உங்களுக்குப் பழக்கமான மருந்து கையில் இருப்பது பெரிய நிம்மதி.

காய்ச்சல் மருந்தும் தெர்மாமீட்டரும் அளக்கும் சிரிஞ்சும் முதலில். பாராசிட்டமால் சிரப்பின் அடர்த்தி நாட்டுக்கு நாடு வேறு. 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருப்பதும் உண்டு, 250 மில்லிகிராம் இருப்பதும் உண்டு. வீட்டில் கொடுத்த அதே 5 மில்லியை அங்கே வாங்கிய பாட்டிலிலிருந்து கொடுத்தால் இரு மடங்கு போய்விடலாம். பிள்ளையின் எடை, மருத்துவர் சொன்ன அளவு மில்லிகிராமில் எவ்வளவு என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பையிலேயே வையுங்கள். அமெரிக்கக் கடைகளில் இதே மருந்தை அசெட்டமினோஃபென் என்று கேட்க வேண்டும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டாம். அரிதாக என்றாலும், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய்ஸ் நோய் வரும் அபாயம் அதில் உண்டு.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட்டுகள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டும் உண்டு, 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு. பயணத்துக்குச் சின்னதுதான் வசதி. அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது. இவற்றோடு காயத்துக்குப் பிளாஸ்டர், ஒவ்வாமை மருந்து, டயப்பர் புண்ணுக்குக் கிரீம், வாந்திக்கு மருத்துவர் எழுதித் தந்தது.

கொசு விரட்டியில் டீட் (DEET) என்ற ரசாயனம் இருந்தால் இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பூசக் கூடாது. எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் உள்ளதை மூன்று வயதுக்குக் கீழ் தவிர்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்குச் சன்ஸ்கிரீனை நம்பாமல் நிழலும் தொப்பியும் முழுக்கை உடையும் கொண்டு வெயிலைத் தடுங்கள்.

தினசரி மருந்து எடுக்கும் பிள்ளை என்றால் நாள் கணக்குக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்து, எல்லாவற்றையும் அசல் அட்டைப்பெட்டியோடு, மருந்துச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்ஹேலரோ கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசியோ இருந்தால் அது எந்த நேரமும் ஒரு பெரியவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நம் வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் மருந்து வேறு நாட்டில் தடை செய்யப்பட்டதாக இருக்கலாம். சூடோஎஃபெட்ரின் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள சளி மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. கோடீன், ட்ரமடால் உள்ள வலி மருந்து போன்றவற்றுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். இது பெரியவர்களின் மருந்துக்கும் சேர்த்துத்தான்.

தடுப்பூசி பற்றி எப்போது யோசிக்க வேண்டும்?

டிக்கெட் எடுத்த வாரமே. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும் நாடுகள் உண்டு, ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். பொதுவாக ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைக்கு அந்த ஊசி போடுவதில்லை. அப்படிப்பட்ட நாட்டுக்குக் கைக்குழந்தையோடு போவதா என்பதையே மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். தட்டம்மை பரவும் இடத்துக்குப் போவதானால், ஆறு மாதக் குழந்தைக்கே முன்கூட்டி ஒரு ஊசி போடும்படி மருத்துவர் சொல்லலாம்.

உடைகள்?

எத்தனை நாள் பயணமானாலும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம், துவைத்துக்கொள்ளலாம். குளிர் நாட்டுக்கு ஒரே தடித்த உடையைவிட மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. ஷூ காலில் ஒன்று, பெட்டியில் ஒன்று. புது ஷூவைப் பயணத்தில் முதன்முதலாக மாட்ட வேண்டாம்.

தள்ளுவண்டி எடுப்பதா, வேண்டாமா?

மூன்று வயதுவரை எடுங்கள் என்பதே என் பதில். நான்கு வயதுப் பிள்ளையும் வெளிநாட்டு விமான நிலையத்தில் நடந்தே சோர்ந்துபோகும். பல விமான நிறுவனங்கள் குழந்தைக்கு ஒரு ஸ்ட்ரோலரைக் கட்டணமின்றி ஏற்கின்றன, விமான வாசல்வரை தள்ளிக்கொண்டு போகவும் விடுகின்றன. ஆனால் இறங்கும் ஊரில் அதை வாசலிலேயே தருவார்களா, பெட்டிகளோடு பெல்ட்டில் வருமா என்பது விமான நிலையத்தைப் பொறுத்தது. பின்னது என்றால் குடியேற்ற வரிசையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அதற்காகவே சுமக்கும் துணியோ கேரியரோ ஒன்று கூடவே இருக்கட்டும்.

வாசலில் கொடுக்கும்முன் கழன்று விழக்கூடிய கப் ஹோல்டர், மழை உறை, தொங்கும் பொம்மை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பெயரும் போன் எண்ணும் எழுதிய சீட்டைக் கட்டுங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மடித்தால் கைப்பை அளவுக்குச் சுருங்கும் வண்டியை விமானத்துக்குள்ளேயே கொண்டுபோகலாம். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா சொல்லும் கைப்பை அளவு 56 x 45 x 25 சென்டிமீட்டர், ஆனால் பல நிறுவனங்கள் இதைவிடக் குறைவாக வைத்திருக்கின்றன.

கார் சீட்டைச் சுமந்துகொண்டு போக வேண்டுமா?

அங்கே கார் பயணம் அதிகம் என்றால் இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை இருக்கை கட்டாயம். முத்திரையையும் பாருங்கள். ஐரோப்பாவில் ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐ.நா. தர முத்திரை உள்ள இருக்கைதான் செல்லும். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் தனித்தனித் தரங்கள் உண்டு. சொந்த இருக்கை அங்கே செல்லாது என்றால், காரோடு சேர்த்து வாடகைக்கு முன்பதிவு செய்யுங்கள். சரக்குப் பகுதியில் போட்டு அனுப்பிய இருக்கை அடிபட்டிருந்தால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் அதை நம்ப வேண்டாம்.

பவர் பேங்க், சார்ஜர், பால் சூடாக்கும் கருவி?

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போகலாம். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சரக்குப் பகுதியில் கவனித்து அணைக்க ஆள் இல்லை. 100 வாட்-மணி (Wh) வரை அனுமதி கேட்க வேண்டாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், அதற்கு மேல் கிடையாது. பவர் பேங்கில் எழுதியிருக்கும் மில்லி ஆம்பியர்-மணியை (mAh) 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். 20,000 என்று போட்டிருந்தால் அது 74 வாட்-மணி. 2025 முதல் சில நிறுவனங்கள் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே கூடாது என்கின்றன. அதனால் பிள்ளை படம் பார்க்கும் டேப்லெட்டை முழுச் சார்ஜோடு ஏற்றுங்கள்.

அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. போன் சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் எங்கும் செருகலாம். பால் சூடாக்கி, ஸ்டெரிலைசர் போன்றவை பெரும்பாலும் ஒரே மின்னழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை. 230 வோல்ட் கருவியை 100 வோல்ட் ஜப்பானில் செருகினால் ஐந்தில் ஒரு பங்குச் சூடுகூட வராது. 120 வோல்ட் கருவியை 230-ல் செருகினால் கருகிவிடும். இவற்றை விட்டுவிட்டு, பாட்டில் கழுவும் பிரஷும் குளிர்நீரில் கரைக்கும் ஸ்டெரிலைசிங் மாத்திரையும் எடுத்துப்போங்கள்.

விளையாட்டுச் சாமான்கள்?

குறைவாக. ஸ்டிக்கர் புத்தகம், கிரேயான், சின்னக் கதைப்புத்தகம் இரண்டு. ஒவ்வொன்றாக, முந்தையது சலித்தபிறகு மட்டும் எடுங்கள். ஸ்லைமும் சோப்புக் குமிழித் திரவமும் 100 மில்லிக் கணக்கில் சேரும். துப்பாக்கி போல இருக்கும் பொம்மை எதுவும் கைப்பையில் வேண்டாம். அணைத்துக்கொண்டு தூங்கும் பொம்மை ஒன்று இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் பெரிய பெட்டியில் போடாதீர்கள். அதற்கு மாற்று எங்கேயும் வாங்க முடியாது.

விமானம் இறங்கும்போது காது வலிக்குமே, அதற்கு ஏதாவது எடுக்க வேண்டுமா?

விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போல இருக்கும். இறங்கும்போது அது மீண்டும் கூடும், குழந்தையின் காதுக் குழாய் குறுகியது என்பதால் வலிக்கும். விழுங்கினால் குழாய் திறக்கும். ஆகவே ஒரு பாட்டில் பாலோ தாய்ப்பாலோ சூப்பானோ அந்த நேரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். தரையிறங்க அரை மணி இருக்கும்போதே தொடங்குங்கள்.

உணவுப் பொருள் எடுத்துப் போகலாமா?

விமானத்தில் சாப்பிடத் தாராளமாக. தரையிறங்கியபின்தான் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரத் தடை உண்டு. கடையில் வாங்கிய குழந்தைப் பால் பவுடருக்கும் குழந்தை உணவுக்கும் ஆளுக்கு இரண்டு கிலோ வரை விலக்கு, பிரிக்காத பாக்கெட்டில், குளிர்பதனம் தேவைப்படாததாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உணவு எதுவாக இருந்தாலும் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். எழுதிக் காட்டினால் மிஞ்சிப்போனால் பொருள் போகும், மறைத்தால் அபராதம். பிள்ளையின் பைக்குள் பாதி கடித்த பழம் கிடக்கிறதா என்று இறங்கும்முன் பாருங்கள்.

பெட்டி வராமலே போனால்?

விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே பெட்டிப் பிரிவில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். பன்னாட்டு விமானப் பயணத்தில் இழப்பீடு பற்றிய 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, அவசரத்துக்கு வாங்கும் உடைக்கும் டயப்பருக்கும் இழப்பீடு கேட்கலாம், ரசீது முக்கியம். பெட்டி சேதமானால் ஏழு நாளுக்குள், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும்.

இதைக் கட்டும்போதே யோசிக்கலாம். ஆளுக்கொரு பெட்டி என்று பிரிக்காமல் எல்லோர் உடையையும் எல்லாப் பெட்டியிலும் கலந்து வையுங்கள். ஒன்று தொலைந்தாலும் ஒருவர் மட்டும் உடையில்லாமல் நிற்க மாட்டார். மூடும்முன் உள்ளே இருப்பதைப் படம் எடுத்து வையுங்கள்.

திரும்பி வரும் பயணத்துக்குத் தனியாக ஏதாவது?

பயணத்தின் நடுவில் குழந்தைக்கு இரண்டு வயது நிறைகிறதா என்று பாருங்கள். நிறைந்தால் திரும்பும் விமானத்தில் மடியில் வைத்துக்கொள்ள முடியாது, தனி இருக்கைக்கு டிக்கெட் வேண்டும். அதோடு பெட்டி எடை வரம்பும் மாறும், அதைப் பார்த்து அங்கே சாமான் வாங்குங்கள். விமானத்தில் குழந்தைத் தொட்டில் கேட்டிருந்தால் திரும்பும் தேதியில் குழந்தையின் எடை அதன் வரம்புக்குள் இருக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். கடைசி நாளுக்கான மாற்றுடைகளை ஜிப் பையில் போட்டு, முதல் நாளே பெட்டியின் அடியில் ஒதுக்கி வைத்துவிட்டால் திரும்பும்போது துவைத்த துணியைத் தேட வேண்டியதில்லை.